இழப்பு: பதினெட்டு ரூபாய்

தணிக்கைக் குறிப்பு நாற்பத்தொன்றுக்கு
என் பதில்.

ஐயா,
ஆமாம், சுவரில் எண் எழுதியது நான்தான்.
கொரடாச்சேரிக்குக் கிழக்கே, எங்கள் கொள்முதல் நிலையத்தில்,
ஐப்பசி முதல் வாரம்.
சாலையோரம் ஒரு கிலோமீட்டர் நெல்.
அதன் மேலேயே படுத்துக் காவல்.
வேம்பையனுக்கு அது ஒன்பதாவது இரவு.

ஈரம் பதினேழைத் தாண்டினால் வாங்கக் கூடாது.
காக்கவைத்தால் பதினேழைத் தாண்டும்.
இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்,
எந்த மேசைக்கும் சொந்தமில்லை.

ஊருக்கு ஒரு நாள் என்று பிரித்தேன்.
நாளை மறுநாள் முறை வருகிறவர்
இன்று வீட்டில் தூங்கட்டும்.
முதல் நாளே தப்பு:
இரண்டு ஊருக்கு ஒரே எண்.
தில்லைக்கரசி என் நாற்காலியைத் தூக்கி
வாய்க்காலில் போட்டார்.
(மீட்கப்பட்டது. இருப்புப் பதிவேடு, பக்கம் ஆறு.)
நான்காம் நாள்
சாலையில் பேருந்து போனது.

எந்த அரசாணையின்படி என்கிறீர்கள்.

ஆவணியிலேயே அனுமதி கேட்டு எழுதினேன்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
பத்து நாளோ பதினைந்தோ
கடைமடைக்கு எப்படியோ வந்துவிடுகிறது.
கடைமடையில் ஊறியது மேலே ஏற
மதகுக்கு மதகு ஒரு கையெழுத்து வேண்டும்.
போடாதவரை யாரும் கேட்பதில்லை.
போட்டவருக்கு வருகிறது
குறிப்பு நாற்பத்தொன்று.

பத்தொன்பது வருடச் சர்வீசில்
சும்மா இருந்ததற்கு ஒரு மெமோ
நான் பார்த்ததில்லை.
முளைவிட்ட மூட்டைகளை
இயற்கைச் சீற்றத்தில் எழுதிவிடுகிறோம்.
மழை மறுப்பு தெரிவிப்பதில்லை.

இதையே செயலியாக்கி
மாநிலம் முழுக்க ஒரே நாளில்
திறக்கப்போவதாகக் கேள்வி.
பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றாம்.
வேண்டாம் என்று சொல்ல நான் யார்?
ஒரு களத்தில் முதலில்
சாக்பீஸ் விலைக்குத் தப்பு செய்து பாருங்கள்.
நாற்காலி ஒன்றுதான் நனையும்.
எல்லாக் களத்திலும் ஒரே தப்பு என்றால்
வாய்க்கால் போதாது.

உங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
இழப்புத் தொகை, யாரிடம் வசூல்.
நிரப்பியிருக்கிறேன்.
சாக்பீஸ் ஒரு டப்பா, பதினெட்டு ரூபாய், என் சம்பளத்தில்.

பக்கத்தில் ஸ்கேல் வைத்து
மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன்.
'தெரிந்துகொண்டது' என்று தலைப்பு.
விதிமீறல் என்றால் அழித்துவிடலாம்,
பென்சில்தான்.

இணைப்பு: ரசீது ஒன்று.
மழையில் நனைந்தது,
தொகை மட்டும் படிக்க முடிகிறது.