சமமின்னழுத்தப் பரப்பு, புதுவயல்

ஐப்பசி பதினெட்டு, விடிவதற்குள் போன் வந்தது.
மூன்றாவது ரைஸ் மில்லுக்குப் பின்னால்
கம்பி அறுந்து கிடக்கிறது,
மாடு ஒன்று போய்விட்டது.

ஃபீடரை நிறுத்தியாச்சா என்று கேட்டேன்.
நிறுத்தியாச்சு என்றார் சேவுகராசு.
இருந்தும் கேட்டுக்குள் நுழைந்ததும்
இரண்டு காலையும் ஒட்டி வைத்து
செருப்பு உரச உரச நகர்ந்தேன்.
மில் வாட்ச்மேன் சிரித்தார்.

ஈர மண்ணில் பதினோராயிரம் வோல்ட் இறங்கினால்
அறுத்த தேக்கில் தெரியுமே, அந்த மாதிரி வளையங்கள்.
நகராது, மின்னாது, சத்தமும் இல்லை.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
கம்பி தொட்ட இடத்தில் நெருக்கமாக,
உமிக் குவியல் தாண்டினால் அகல அகலமாக.
ஒரே வளையத்தில் எவ்வளவு சுற்றினாலும்
மின்சாரம் உன்னைக் கண்டுகொள்ளாது.
வளையம் விட்டு வளையம் எட்டு வைத்தால்
இடையிலுள்ள வித்தியாசம்
உடம்பு வழியாகத்தான் போகும்.

"சமமின்னழுத்தப் பரப்பில் செய்யப்படும் வேலை சுழி."
காரைக்குடி ஹாஸ்டலில்
மஞ்சள் மையால் அடிக்கோடிட்ட வரி.

பஞ்சவர்ணம் அழவில்லை.
"ரெண்டையும் ஒரே முளையிலதான் கட்டியிருந்தேன்.
கன்னுக்குட்டி நிக்குது பாருங்க.
அதுக்கு மட்டும் எப்படி?"

பசு கம்பியைப் பார்த்து நின்றிருக்கிறது.
முன்னங்கால் ஒரு வளையத்தில்,
பின்னங்கால் மூன்று முழம் தள்ளி இன்னொன்றில்,
நடுவில் இதயம்.
கன்று குறுக்காக நின்றிருக்கிறது,
நூல் பிடித்தாற்போல் வளையத்தின் மேலேயே.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
நீலமாய்ப் பொறி பறந்ததும்
என்னவென்று பார்க்கத் திரும்பியது,
அவ்வளவுதான் என்றா?

கம்பி விழுந்த நொடியே லைன் அணைந்திருக்க வேண்டும்.
ஆடியில் மில்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.
சும்மா சும்மா டிரிப் ஆகுது மேடம், அரவை நிக்குது.
காபி வாங்கிக் கொடுத்தேன்.
மறுநாள் சப்ஸ்டேஷனில்
புவிக்கசிவு ரிலேயின் திருகை
இரண்டு கோடு மேலே ஏற்றியது
இந்த விரல்.

அறிக்கைத் தாளில் 'காரணம்' கட்டத்தில்
பலத்த மழை என்று எழுதிவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல்
பேனாவை நீட்டினார் சேவுகராசு.
லைன் செத்துத்தான் கிடக்கிறது, எனக்குத் தெரியும்.
கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு
தாயின் மடிப்பக்கம் போனது.
நான் கால் ஒட்டியபடியே நின்றேன்.
பேனாவை வாங்க
இன்னும் ஓர் எட்டு வைக்க வேண்டும்.