மட்டிப் பழம்

தேர்வுக்கு ஒன்பது நாள்.
மார்த்தாண்டம் மேம்பாலத்தில் லாரிச் சத்தம் குறைகிற
அதிகாலை மூன்று மணி.
மருந்தகக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால்
மாதிரி வினாக்கள் படிக்கிறேன்.
கத்தி தோலைத் தொடுவதற்கு
எத்தனை நிமிடம் முன்பு செஃபாசோலின்?
அறுபதுக்குள்.
நூற்றிருபது கிலோ ஆளுக்கு?
மூன்று கிராம்.
வார்ஃபாரினை எந்த நாளில் நிறுத்துவாய்,
ஹெப்பாரினை எந்த மணியில் தொடங்குவாய்?
நிறுத்துவதும் தொடங்குவதும்தான் பாடமே.
நடுவில் ஒருவன் மயங்கிக் கிடக்கிறான்.

கட்டணத்துக்காகச் சிட்டி பிடித்தேன்.
"பதினாறு வருசம் மாத்திரை எடுத்துக் குடுத்தாச்சு,
இனி எதுக்கு ஒரு சர்டிபிகேட்?" என்றார் எட்வின்.
கேட்டது வாஸ்தவம்தான்.
ஆனால் ஆபரேஷன் தியேட்டரின் பச்சைக் கதவு
எனக்கு இதுவரை ஒரு கை அகலமே திறந்திருக்கிறது.
மருந்து டப்பா உள்ளே போகும். நான் போக மாட்டேன்.

ஆறாம் வார்டு, பன்னிரண்டாம் கட்டில்.
தாசையன், ஐம்பத்திரண்டு, களியல்.
குடலிறக்கம். காலை ஏழரைக்கு முதல் கேஸ்.
அலர்ஜி என்ற கட்டத்தில் 'இல்லை'.
எல்லாருக்கும் 'இல்லை'தான்,
கையெழுத்து மாதிரி கை தானாகப் போட்டுவிடுகிறது.

படித்த புத்தி சும்மா இருக்குமா,
அட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.
அவரும் முழித்திருந்தார்.
"இது எனக்க வெட்டு நேரமாக்கும்.
தலையில லைட்டைக் கெட்டி மரத்துக்குப் போற நேரம்."
மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? இல்ல.
ஊசி? இல்ல.
சாப்பாட்டில்?
"மட்டிப் பழம் தின்னா நாக்கு தடிக்கும்.
அதுக்கு இப்பம் என்ன?"

என் பேனா நின்றது.
பலூன் ஊதியிருக்கிறீர்களா?
சிரித்தார்.
"கிறிஸ்மசுக்கு சர்ச்சில ஊதினேன்.
ரெண்டு உதடும் வீங்கி
பிள்ளைய எல்லாம் பயந்துபோச்சு."
கையைக் காட்டச் சொன்னேன்.
விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, தேங்காயெண்ணெய் மினுக்கம்.
முப்பது வருடம் சிரட்டையில் சொட்டிய ரப்பர் பால்
உள்ளே எங்கோ கணக்கு எழுதி வைத்திருந்தது.

மூன்றே முக்கால்.
கையுறை ரப்பர். வடிகுழாய் ரப்பர்.
மருந்துக் குப்பிகளின் மூடியில் எது ரப்பர், எது இல்லை?
பொடி எழுத்தை விளக்கில் பிடித்துப் படித்தேன்.
ஒரு கம்பெனியின் உதவி எண்
ஒன்றை அழுத்து, ஒன்பதை அழுத்து என்று இந்தியில் சொல்லிவிட்டு
வீணை வாசித்தது.
ஆறு மணிக்கு டாக்டர் ஷைலஜாவுக்குப் போன்.
"பழம் தின்னா நாக்கு தடிக்குதுன்னு
நான் டேபிளையே மாத்தணுமா, பெனிலா?"
மாத்தணும் மேடம்.
அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.
"சரி. நீயே வந்து பாத்து எடுத்து வை."

பச்சைக் கதவு முழுசாய்த் திறந்தது.
எனக்கென்று செருப்பில்லை,
இரண்டு அளவு பெரியதில் இழுத்து இழுத்து நடந்தேன்.
முதல் கேஸானது நல்லது,
நேற்றைய கையுறைத் தூள் காற்றில் அடங்கியிருக்கும்.
செஃபாசோலின் ஏழு பத்து.
கத்தி ஏழு முப்பத்தெட்டு.
எழுதி வைத்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததை எழுத
கேஸ் ஷீட்டில் கட்டம் கிடையாது.

தேர்வு நாகர்கோவிலில், ஏசி ஒழுகும் ஒரு அறையில்.
ரப்பரைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.
பாஸ்தான்.
இப்போது எட்வினே பிரேம் கடையில் விலை விசாரிக்கிறார்.
எனக்கு மட்டும்
டிஸ்சார்ஜ் அன்று காலை போக மாட்டேனென்கிறது.

மாத்திரைக் கவரை வாங்கிக்கொண்ட தாசையன்
கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துக் கேட்டார்:
"ரெண்டு மாசம் கழிஞ்சா
வெட்டுக்குப் போலாமா?
வேற சோலி தெரியாது, கேட்டியளா."

ஏ, பி, சி, டி என்று தேடினேன்.
அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்
சீட்டை நீட்டினார்.