கடைசி இரண்டு மீட்டர்

பெர்கனில் மழை நின்ற நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
என் கார் கத்தாமல் நின்ற சிக்னல்களை எண்ண
விரலே வேண்டாம்.

வாங்கி ஏழு மாதம்.
தவணை இன்னும் அறுபத்தைந்து பாக்கி.
புது இருக்கையின் வாசம்கூடப் போகவில்லை,
அதற்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும்
கடைசி இரண்டு மீட்டரில்
கீ...ச்.

பகல் முழுக்கப் பல் மருத்துவமனையில்
துளைக்கும் கருவியின் பக்கத்தில் நிற்பவள் நான்.
என் காது எதற்கும் கூசாது என்றிருந்தேன்.
மீன் சந்தை முனையில் சாலையைக் கடந்த ஒரு கிழவர்
நடு ரோட்டில் நின்று
காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை.

மாடி வீட்டு ஹால்வார்டுக்கு இரவு வேலை.
கடிதப் பெட்டியில் சீட்டு போட்டிருந்தான்:
"நீ வீடு திரும்புவது 4.50க்கு.
என்னிடம் கடிகாரம் இருக்கிறது. நன்றி."

விற்றவர்களிடம் போனேன்.
"சாதாரணம்" என்று காப்பி கொடுத்தார்கள்.
மறுபடி போனேன்.
"ஈரப்பதம்" என்று காப்பி கொடுத்தார்கள்.
உத்தரவாதப் புத்தகம், நாற்பத்தோராம் பக்கம்:
தேய்கிற பொருள் எதற்கும் பொறுப்பில்லை என்று
பொடி எழுத்தில் இருக்கிறது.
தேயாத பொருள் எது என்று இல்லை.

மூன்றாம் முறை தார்யெய் என்றொரு பையன்
சக்கரத்தைக் கழற்றி, தட்டைத் தடவி,
செம்பழுப்பு விரலை நீட்டினான்.
"தேய்மானமே இல்லை. துரு.
வேகத்தை மோட்டாரே விழுங்கிவிடுகிறது,
பிரேக்குக்கு நீங்கள் வேலையே தருவதில்லை.
ஆளில்லாத இடமாகப் பார்த்து
நியூட்ரலில் போட்டு
ஓங்கி மிதியுங்கள். பத்து முறை.
கொஞ்சம் கோபமாக."

கோபமாக.
கதவைக்கூட அழுத்திச் சாத்தாதவள் நான்.
மார்ச்சில் ஸ்டைனார் பெட்டி கட்டியபோது
ஜிப் சிக்கிக்கொண்டது.
மெழுகு தேய்த்து இழுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஞாயிறு காலை ஆறு மணி.
படகு வராத படகுத்துறை.
நாலைந்து கடற்காகங்கள்.
எழுபதில் போய், நியூட்ரல், மிதி.
முதல் முறை மன்னிப்புக் கேட்பதுபோல் மிதித்தேன்.
கத்தியது.
மூன்றாவதில் பின்னிருக்கைக் குடை முன்னால் பாய்ந்தது.
ஐந்தாவதில் பாதி தின்ற சாக்லேட்,
கோடை முழுக்கத் தேடிய வீட்டுச் சாவி.
ஏழாவதில் நானும் ஏதோ கத்தியிருக்கிறேன் போல,
கடற்காகங்கள் மொத்தமாய் எழுந்துபோயின.
பத்து போதும் என்றான் அவன்.
பதினாலு மிதித்தேன்.

சுட்ட இரும்பின் வாடை.
பக்கத்து இருக்கையின் காலடியில்
எங்கிருந்தோ வழுக்கி வந்து கிடந்தது
மஞ்சள் கையுறை ஒன்று.
இடது. ஆறு வயதுக் கை.
ஸ்டைனாரின் மகள் இல்வா
பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை
தேடித் தேடி அழுதது.

அங்கேயே உட்கார்ந்து அனுப்பினேன்,
ஐந்து மாதத்தில் முதல் செய்தி:
"இல்வாவின் கையுறை கிடைத்தது. இடது."
தூரத்துக் கப்பல் முனை திரும்பி மறையும்வரை
பதில் இல்லை. பிறகு:
"அடடா. வலதைப் போன வாரம்தான் எறிந்தோம்.
கார் எப்படி ஓடுகிறது?"

சத்தமில்லாமல் என்று அடித்தேன்.
அழித்தேன்.

படிக்கட்டில் ஹால்வார்ட் நிறுத்திக் கேட்டான்:
"ஊரில் இல்லையா நீ?
இந்த வாரம் இரண்டு நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது எனக்கு."

கையுறையைத் துவைத்துவிட்டேன்.
ஆவி படிந்த முன்கண்ணாடியை
உள்ளிருந்து துடைக்க நன்றாகவே இருக்கிறது.
கட்டைவிரல்தான் நுழைவதில்லை.

நேற்று, மூன்று நாள் அடைமழைக்குப் பின்,
மீன் சந்தை முனையில்,
கடைசி இரண்டு மீட்டரில்,
மெல்ல ஒரு கீ.

ஞாயிறு வரட்டும்.