கால் சுற்று

பாட்டில் வந்த பெட்டிக்குள்ள ஒரு சீட்டு:
அஞ்சு ஸ்டார் போட்டா அம்பது ரூவா.
போட்டேன்.
"சூப்பர்"னு ஒரு சொல்,
கும்பிடுற கை ஒண்ணு.
மறுநாளே போன்ல வந்து விழுந்துச்சி அம்பது.
அதுவரைக்கும் அந்தப் பாட்டில்ல
ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல நான்.

அதுக்கு முந்தி ஒரு ஃபேனுக்கு எழுதினது:
"மோசம். யாரும் வாங்காதீங்க. திருட்டுப் பசங்க."
கத்திரி வெயில்,
கரண்டு வந்து வந்து போன ராத்திரி.
எது மோசம்? றெக்கையா, மோட்டாரா,
அகரம்சேரி வோல்டேஜா?
யாராவது கேட்டிருந்தா முழிச்சிருப்பேன்.

இத்தனைக்கும் என் வேலை
ஆம்பூர் ஷூ கம்பெனியில செக்கிங் டேபிள்.
நாள் பூரா ட்யூப்லைட்டுக்கு அடியில
குறை எழுதித்தான் சம்பளம்.

சேர்ந்த புதுசுல ரிஜெக்ட் சீட்டுல
"நல்லா இல்ல"ன்னு எழுதி அனுப்பினேன்.
தைக்கிற சுகந்தா
மிஷினை நிறுத்திட்டு எழுந்து வந்தா:
"இத வெச்சிக்கினு நான் எந்தத் தையலப் பிரிக்கிறது?"
அன்னியிலேருந்து எழுதறேன்:
இடது. முப்பத்தெட்டு. நாக்குக்கு அடியில
தையல் ரெண்டு இழை தாண்டல்.
எந்த ஊர்க் குளிர்ல நடக்கப்போற காலோ,
அதுக்கு அவ்ளோ எழுதறவ.

தஸ்லிமா பக்கத்து டேபிள்.
மாமியார் வேலூர் ஆஸ்பத்திரியில.
பால் சூடா எடுத்துப் போக
அதே பாட்டில் வாங்கியிருக்கா.
பள்ளிகொண்டா டோல்கேட் வர்றதுக்குள்ள
பை நனைஞ்சி, ஸ்கேன் கவர் நனைஞ்சி,
பிலிம்ல தெரிஞ்ச முதுகெலும்பு மேல
பால் ஆடை.

திங்கக்கிழமை டீ நேரத்துல போனை நீட்டினா.
"சூப்பர்." கும்பிடுற கை.
"இந்த அஞ்சுகம் நீயா?"
ஆம்பூர்ல வேற அஞ்சுகம் இருக்காளான்னு
ஒரு நிமிசம் யோசிச்சேன்.
பன்னை டீயில தோய்ச்சிக்கினே அவ சொன்னா:
"எனக்கும் வந்துது அம்பது.
பஸ் ஏறுறதுக்கு முந்தியே போட்டுட்டேன்."

மறுநாள் சாப்பாட்டு நேரம்
குழாயடியில பேப்பர் விரிச்சி
ரெண்டு பாட்டிலையும் கவுத்து வெச்சோம்.
பச்சத் தண்ணிக்கு ஒண்ணுமில்ல.
கேன்டீன்ல வெந்நீர் வாங்கி ஊத்தினோம்:
பேப்பர்ல நெய்க்காரப்பட்டி மாதிரி, இல்ல,
பேரே இல்லாத ஒரு ஏரி மாதிரி
ஈரம் பரவுச்சி.
திருகினோம், கழட்டினோம், திருகினோம்.
சுகந்தா கை கழுவ வந்தவ
ஈரக் கையாலயே வாங்கி
இன்னும் கொஞ்சம் முறுக்கினா.
நின்னுச்சி.

ராத்திரி "சூப்பர"அழிச்சேன்.
எழுதினேன்:

அரை லிட்டர்னு போட்டிருக்கு,
கழுத்து வரைக்கும் ஊத்தினா நானூத்தி எழுபதுதான்.
ஆறு மணி நேரம் சூடு நிக்குது.
மூடியத் திருகும்போது டிக்குனு ஒரு சத்தம் வரும்.
அத நம்பாதீங்க.
அதுக்கு மேல இன்னும் கால் சுற்று இருக்கு.
அப்பவும் படுக்க வெச்சா கசியலாம்,
காகிதம் இருக்கிற பையில வேணாம்.
எங்க போர் தண்ணிக்கு
பதினஞ்சு நாள்ல உள்ள வெள்ளை படிஞ்சிது,
அது பாட்டில் குத்தமில்ல.
முன்னாடி அஞ்சு ஸ்டார் போட்டதுக்கு
அம்பது ரூவா வாங்கினேன்.

கடைசி வரிய ரெண்டு தடவ அழிச்சி
மூணு தடவ எழுதினேன்.
ஸ்டார்லதான் விரல் நின்னுடுச்சி.
ரெண்டா, மூணா?
ரிஜெக்ட் சீட்டுல இந்தத் தொல்லை கெடையாது.

காலையில கம்பெனி பஸ்ல
தஸ்லிமா மொத்தமும் படிச்சா.
"ஆறு மணி நேரமா? யார் சொன்னது?"
"அட்டையில போட்டிருக்கு."
"நான் வார்டு வாசல்ல உக்காந்து
தொட்டுத் தொட்டுப் பாத்தவ.
நாலரை மணி நேரத்துலயே ஆறிப்போச்சி."

மாதனூர் தாண்டறதுக்குள்ள
ஆறை அழிச்சேன்.