தலையணை

சனி இரவு பதினொன்றரை.
பாண் தொழிற்சாலையில் ஒருவனுக்குக் காய்ச்சலாம்,
என்னை இரண்டு மணித்தியாலம் கூட நிறுத்திவிட்டார்கள்.
முழங்கை வரை மா.
நாளை பிற்பகல் ஆராதனை.
பிரசங்கம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கொட்டாவி இருக்கிறது.

அலுமாரிக்கு மேலே நீலக் கோப்பு.
பத்தொன்பது வருடத்துப் பிரசங்கங்கள்,
துருப்பிடித்த கிளிப்புகளோடு.
எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்,
கதிரையில் ஏறி நின்றுகொண்டு.

மன்னாவை மிச்சம் வைத்தவர்களின் பானையில்
விடியும்போது புழு நெளிந்தது.
இதை நானே பிரசங்கித்திருக்கிறேன்.
இரண்டு தடவை.

எங்கள் தொழிற்சாலை வாசற்கடையில்
நேற்றைய பாண் அரை விலை.
அதற்குத்தான் வரிசை.

அரைத்த மாவையே அரைக்கிறார் என்று
பேர்ண் போதகரைப் பார்த்துச் சிரித்தவன் நான்.
அப்போது எனக்கு
மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கையில் வந்தது: 2009 ஆவணி. படகில் உறங்கியவர்.
ஓரத்தில் பென்சில் குறிப்புகள்.
'இங்கே நிறுத்து.' 'தண்ணீர் குடி.' 'சிரிப்பார்கள்.'
ஒரு பக்கத்தில் ஒன்பது ஆச்சரியக்குறி.
விசா கடிதம் வராத காலத்திலும்
எல்லாம் நிச்சயமாய்த் தெரிந்திருக்கிறது இவனுக்கு.
இவனோடு ஒரு கோப்பை தேநீர் குடிக்கக்கூட
எனக்குப் பொறுமை வராது.

பீல் ஏரிக்கரையில் புயலுக்கு முன் மினுங்கும்
செம்மஞ்சள் விளக்கை உவமையாக்கியிருக்கிறான்.
பரவாயில்லை, இருக்கட்டும்.
'விசுவாசிக்குப் பயமே இல்லை!'
பேனையால் வெட்டினேன்.
பிறகு அரைப்பக்கம் தலையணை.
மீன்பிடிக்கப் போகிற படகில் தலையணை எப்படி வந்தது?
யார் கொடுத்தது? பேதுருவின் மனைவியா,
நனைக்காமல் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி?
விடலைத்தனம்.
அதையும் வெட்டினேன்.

சுவிஸ் சபையின் கோப்பி மணம் இன்னும் போகாத மண்டபம்.
இருபத்தேழு பேர்.
இருட்டில் வீட்டுப் படி ஏறும் கால்போல
வசனங்கள் தாமாக வந்தன.
அது பிடித்தது.
பிடித்தது என்பது பிடிக்கவில்லை.

கதிரை அடுக்கும்போது மனோரஞ்சிதம் வந்தார்,
வேதாகமத்தை விரலிட்டுப் பிடித்தபடி.
"இதை முந்தியும் சொன்னீங்கள், பாஸ்டர்."
வசனத்தின் பக்கத்தில் எறும்பளவு எழுத்து:
16.8.09.
அதன் கீழே 14.6.15.
அது எனக்கே ஞாபகமில்லை.
அதற்கும் கீழே, மை காயாமல், இன்று.

இரவு வேலை, ஒருவனுக்குக் காய்ச்சல் என்று
மன்னிப்பு நாக்கு நுனியில் நின்றது.
அவர் கேட்டது வேறு.
"ஏன் தலையணையை விட்டிட்டீங்கள்?"

கணவர் பேர்ண் ஆஸ்பத்திரியில் பதினொரு இரவு
கண் திறக்காமல் கிடந்தபோது
ஒரு வசனமும் வரவில்லையாம்.
விளக்கு உவமையும் வரவில்லை.
"அந்தத் தலையணை மட்டும்தான் வந்தது.
ஆர் குடுத்திருப்பினம் எண்டு யோசிச்சு யோசிச்சு
கதிரையிலயே நித்திரையாகிடுவன்.
ஒருநாள் நேர்ஸிட்டக் கேட்டன்.
ஜேர்மன் சொல்லுத் தெரியேல்ல.
இப்பிடிக் காட்டினன்."

கன்னத்தில் கையை வைத்துத்
தலையைச் சாய்த்தார்.
மண்டபத்து நடுவில், சப்பாத்தோடு நின்றபடியே
ஒரு கணம் கண்ணை மூடினார்.

பேனைக் கோடு அழியாது.
வெட்டிய அரைப்பக்கத்தைப் புதுத்தாளில் எழுத உட்கார்ந்து
பேதுருவின் மனைவி வரை வந்து
நின்றுவிட்டேன்.

திங்கள் அதிகாலை மூன்று மணி.
மா பொங்குவதற்குக் காத்திருக்கையில் தோன்றுகிறது:
மனைவியாக இருக்காது.
அவளுடைய தாய்.
காய்ச்சலில் கிடந்து, கைபிடித்து எழுப்பப்பட்டவள்.
எழும்பிய கையோடு பரிமாறப் போனவள்.
தலையணைக்கு இனி அவளிடம் வேலையில்லை.
வெயிலில் ஒருநாள் காயவைத்துப்
படகில் போட்டுவிட்டிருப்பாள்,

ஆருக்காவது உதவும் என்று.