முதலில் பை

முதலில் பை. அப்புறம்தான் கத்தி.
மாற்றிச் செய்த ஒருவனை எனக்குத் தெரியும்.
டார்னல் மேட்டில், ஆகஸ்ட் காற்றில்,
ஒரே வெட்டு.
அன்று அவன் தலை கறுத்தது.
காற்று போன பக்கத்து வயல்கள்
அடுத்த வருஷம் கறுத்தன.

குருத்து நிற்க வேண்டிய உச்சியில்
பென்சில் கனத்தில் ஒன்று வளைந்து தொங்கும்.
மேலே வெள்ளித் தோல்; கிழிந்தால் உள்ளே கரி.
கரிப்பூட்டை என்பது தமிழ்ப் பேராம்,
எங்கள் ஆபீஸ் தாளில் அதற்குச் சாட்டை என்று பேர்.
சாட்டை என்றதும் எல்லோரும் கப்பலேறிப் போய்விடுகிறார்கள்,
ஒப்பந்தத்துக்கு, சர்தாருக்கு, குதிரைமேல் துரைக்கு.
நான் போவதில்லை.
மத்தியானத்துக்குள் முப்பத்திரண்டு வரிசை பாக்கி எனக்கு.

ஒரு பொடி. நம் கண்ணுக்குத் தெரியாதது
கரும்பின் கண்ணில் போய் விழும்.
கணுவோடு ஒட்டிய அந்த மொட்டுக்குச்
செதிலாய் ஒரு மூடி உண்டு. அதனடியில்
ஓரிரவு ஈரம் நின்றால் போதும், முளைக்கும்.
முளைத்தாலும் ஒற்றையாய் உள்ளே போகத் திராணியில்லை.
தன் வகையல்லாத அணுவொன்றைத் தேடிக் கூடி
இரண்டும் ஓரிழை ஆன பிறகே நுழைவு,
கல்யாணமாகாதவர்க்கு வீடு தராத தெருவில்
குடி வருவதுபோல.

வந்ததும் கொல்லாது.
குருத்து நுனிக்குப் பின்னாலேயே நடக்கும்.
கரும்பு ஒரு கணு ஏறினால்
தானும் ஒன்று ஏறும்.
இலை பச்சை. மாதங்கள்.
பிறகு தூர் புல்லாய் மெலிந்து மெலிந்து வெடிக்கும்;
பூவுக்கு நாள் வருமுன்னே
பூவின் இடத்தில் அது.

தவனேசன் மூனுசாமிக்குக்
கியர்ஸ்னி போகும் சரிவில் நாலு ஹெக்டேர்.
விதைக் கரணை மைத்துனன் அனுப்பியது,
இரண்டு லாரி, காசு வாங்கவில்லை.
முதல் லாரி இறக்கிய பக்கம் சுத்தம்.
இரண்டாவதில்
ஹ்லெங்கிவேயின் கையிலிருந்த எண்ணும் கருவி
டிக் டிக்கென்று ஓயவேயில்லை.
தலை குளித்த பிள்ளைக்குத் துண்டு போடுவதுபோல்
மெதுவாகப் பையைக் கவிழ்ப்பேன்,
கழுத்தைச் சுருக்கிப் பிடிப்பேன்,
அவள் வெட்டுவாள்.
பிறகு இருவருமாய்த் தூரையே பெயர்ப்போம்.

ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தான்.
"இந்தப் பக்கத்தை நாளைக்கு எண்ணுங்களேன் அக்கா.
ராத்திரி நானே கொஞ்சம் பிடுங்கிட்டா
தாளில் குறையும் இல்லையா?"
டீயில் இஞ்சி அதிகம். குடித்தேன்.
எண்ணையும் எழுதினேன்.
நாலு ஹெக்டேரையும் உழுது மறிக்க வேண்டும்.

மைத்துனனை அவன் திட்டவில்லை.
கோப்பைகளை வாங்கி, துடைத்து, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினான்.
"போன வருஷம், நட்ட ஒரு மாசத்தில்,
நீங்கதானே வந்தீங்க? எந்த வயல்லேர்ந்து?"
சண்டைக்குக் கேட்கவில்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

டார்னலிலிருந்து நேராக வந்தோம்.
வயலுக்கு வயல் உடை மாற்றச் சொல்கிறது விதி.
அன்று மாற்றுடை நனைந்து கிடந்தது, நேரமுமில்லை.
வேன் நிறுத்திய இடமும்
அந்த இரண்டாவது பக்கம்தான்.
ஹ்லெங்கிவே என்னைப் பார்த்தாள்.
நான் தாளில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் குழாயடியில் மேலங்கியை அலசினேன்.
நீர் கறுத்தது, சாம்பலானது, தெளிந்தது.
அது ஓடித் தேங்கும் மூலையில்
பொங்கலுக்கென்று நான் நட்ட ஐந்து கரும்பு.
டார்ச்சும் ஒரு பையுமாகப் போய்
ஒவ்வோர் உச்சியாய் அண்ணாந்து பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
இந்த நோயில் ஒன்றுமில்லை என்றால்
இன்னும் நாலு மாதம் என்று அர்த்தம்.

பையை உள்ளே கொண்டுவரவில்லை.
குழாய்க்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.