இரண்டு லிட்டருக்கு ஒரு டக்

ஃபலஜ் அல் கபாயில். வட்டச்சாலைக்கு முந்தின பம்ப்.
தொண்ணூற்றாறு மாடல் ஹினோ.
ஜல்லி இறக்கிய பெட்டி தடதடக்க
நான் நுழைந்தாலே
பின்னால் வருகிறவன் வேறு வரிசைக்கு ஒடித்துவிடுவான்.

டீசல் துப்பாக்கியைச் செருகினால்
இரண்டு லிட்டர். டக்.
கொஞ்சம் வெளியே இழுத்து, சாய்த்துப் பிடித்து, மறுபடி
இரண்டு லிட்டர். டக்.
நுரை கழுத்துவரை ஏறி
என் செருப்பில் கொஞ்சம், சிமெண்டில் கொஞ்சம்.
முந்நூறு லிட்டர் தொட்டி.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பம்பில் மொஃபிசுல், நோவாகாலிக்காரன்.
முதல் மாதம் என்னைத் திட்டினான்,
அடுத்த மாதம் வண்டியைத் திட்டினான்,
பிறகு திட்டு தீர்ந்துபோய்ப்
பேச ஆரம்பித்தான்.
அவன் இந்தி, என் இந்தி, இரண்டும் இரவல் சட்டை:
தோளில் பிடிக்கும், கையில் தொளதொளக்கும்.

மகளுக்கு ஆறு வயது, பெயர் ரூம்பா. டக்.
ஏஜெண்டுக்கு இன்னும் எண்பதாயிரம் டாக்கா. டக்.
கூரைத் தகரம் புயலில் அடுத்த ஊருக்குப் போய்விட்டது,
போய்க் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். டக்.

என் பக்கமிருந்தும் கொஞ்சம் போகும்.
சாயல்குடியில் ஜன்னல் மட்டத்தில் நிற்கும் சுவர்.
போனை எடுக்காத தங்கை புருஷன்.
சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததும்
எண்பதாவது டக்கில் வந்துவிடும்.

ஜூலையில் முதலாளி காமிஸ் கூப்பிட்டார்.
பம்பில் அரைமணி தூங்குகிறாயாமே?
தூங்கவில்லை அர்பாப்,
தொட்டிக்கு மூச்சுவிட வழியில்லை என்றேன்.
சிரித்தார். ஐந்து ரியால் எடுத்து நீட்டினார்.

வெள்ளிக்கிழமை,
வண்டிக்கடியில் அட்டை விரித்துப் படுத்தேன்.
தொட்டியின் தலையில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு குழாய்.
டீசல் உள்ளே வரும்போது
ஏற்கெனவே குடியிருக்கும் காற்று
எழுந்து போகவேண்டிய வாசல் அதுதான்.
எனக்கு முந்தி ஓட்டிய எவனோ
தொட்டியைக் கழற்றி மாட்டியபோது
பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே அதை நசுக்கியிருக்கிறான்.
மிஞ்சிய துளையில் குளவி மண் வைத்துக் கட்டியிருந்தது.
கம்பியால் குத்தினேன்.
மண்ணும், அது குஞ்சுக்கென்று அடைத்துவைத்த
காய்ந்த சிலந்தி ஒன்றும்
என் நெற்றியில் விழுந்தன.

குல்ஸரீன் கடையில் அரை அங்குல டீசல் ஹோஸ், மூன்று மீட்டர்.
எங்கும் தொங்கக் கூடாது;
தொங்கிய இடத்தில் டீசல் தேங்கும், தேங்கினால் மறுபடி அடைப்பு.
கேபினுக்குப் பின்னால், மூடியைவிட உயரே ஏற்றி
நுனியைக் கீழே வளைத்து
மணல் போகாமல் ஒரு குட்டி ஃபில்டர் மாட்டினேன்.
மாட்டுமுன் ஊதிப் பார்த்தேன்.
என் மூச்சு தொட்டி வாய்வழியாக
டீசல் நாற்றத்தோடு எனக்கே திரும்பி வந்தது.

சனிக்கிழமை
மொஃபிசுல் துப்பாக்கியைச் செருகினான்.
இருவரும் டக்குக்குக் காத்திருந்தோம்.
வரவில்லை.
எண்கள் ஓடின, நாங்கள் எண்களையே பார்த்தோம்,
கிரிக்கெட் பார்க்கிற மாதிரி.
ரூம்பாவுக்குக் காய்ச்சல் என்று போன வாரம் சொன்னானே,
ஞாபகம் வந்து வாயைத் திறந்தேன்.
டக்.
தொட்டி நிறைந்துவிட்டது.
பின்னால் ஹாரன். இப்போதெல்லாம்
என் பின்னாலும் வரிசை நிற்கிறது.

காமிஸுக்குச் சந்தோஷம்.
மிச்சமான நேரத்தோடு என் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து
நாளுக்கு ஒரு நடை கூட்டிவிட்டார்.

அதற்கடுத்த வாரம்தான் கவனித்தேன்,
துப்பாக்கிக் கொக்கிக்கு மூன்று பல்.
எல்லா வண்டிக்கும் மொஃபிசுல் மாட்டுவது மூன்றாவதில்.
எனக்கு முதல் பல்லில் மாட்டினான்.
டீசல் நூலாக இறங்கியது.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
மீட்டர் கண்ணாடியை, சுத்தமாகத்தான் இருந்தது,
துடைத்துக்கொண்டே சொன்னான்:
காய்ச்சல் விட்டுவிட்டது.
அந்தத் தகரம் இருக்கிறதே, அதைக் கேள்.